கனமான கேம்பர் வேனுக்கு எந்த டயர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பியச் சாலைகளில் ஓடும் கேம்பர் வேன்களில், அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டிகளில், பெரும்பங்கு ஃபியட் டுகாட்டோவின் மேல் கட்டியவை. சித்ரோயன் ஜம்பர், பெஷோ பாக்ஸர் இரண்டும் அதே வண்டிதான், பெயர்ப்பலகை மட்டும் வேறு. அடுத்து மெர்சிடிஸ் ஸ்ப்ரின்டர், ஃபோர்டு டிரான்ஸிட், ஐவெகோ டெய்லி ஆகியவை வரும். ஜெர்மனி, பிரான்ஸ், சுவிஸ், பிரிட்டன் நாடுகளில் இருந்துகொண்டு இப்படி ஒரு வண்டியை வாங்கும் அல்லது வாடகைக்கு எடுக்கும் தமிழர்களுக்காக எழுதப்பட்ட பக்கம் இது. சுமார் 3 டன்னிலிருந்து 5 டன் வரையுள்ள வண்டிகளை மனதில் வைத்திருக்கிறோம்.

டயர் வாங்கப் போகும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

எடையை. பிராண்டும் விலையும் அதற்கப்புறம்தான். காலியாக ஓடும் சரக்கு வேன் எப்போதாவது ஒருநாள் முழு பாரம் ஏற்றும். கேம்பர் அப்படியல்ல. கட்டில், அலமாரி, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர் எல்லாம் வருடம் முழுக்க அதன் மேலேயே இருக்கின்றன. மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருக்கும்போதுகூட டயர் அந்தப் பாரத்தைச் சுமந்தபடிதான் நிற்கிறது. அதன் பிறகு ஒரு கோடைக்கால நெடுஞ்சாலையில் எட்டு மணி நேரம் தொடர்ந்து ஓடுகிறது. டயருக்கு இதைவிடக் கடினமான வேலை கிடையாது.

எடையை எப்படிச் சரியாகப் பார்ப்பது?

பயணத்துக்குப் போகும் நிலையில் வண்டியை நிரப்புங்கள். டீசல் முழுத் தொட்டி, நல்ல தண்ணீர், கேஸ், உடைகள், சமையல் சாமான், சைக்கிள், வெளியே விரிக்கும் நாற்காலி, மேசை என்று ஒன்றும் விடாமல் ஏற்றி, பயணிக்கும் எல்லோரும் அவரவர் இருக்கையில் உட்கார்ந்த பிறகு எடைமேடைக்குப் போங்கள். கழிவுப்பொருள் மறுசுழற்சி மையங்கள், ஜல்லிக் குவாரிகள், விவசாயக் கூட்டுறவுக் கிடங்குகள், வாகனச் சோதனை நிலையங்களில் எடைமேடை இருக்கும்.

முதலில் முழு வண்டி. பிறகு முன் அச்சு மட்டும் மேடையில் நிற்க ஒரு எடை, பின் அச்சு மட்டும் நிற்க ஒரு எடை. மேடையின் ஓரம் தரையோடு சமமாக இருந்தால், ஒரு பக்கச் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி இடது வலது வித்தியாசத்தையும் பாருங்கள். சமையலறையும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே பக்கம் இருக்கும் வண்டிகளில் இந்த வித்தியாசம் நூறு கிலோவைத் தாண்டிப் போவதுண்டு.

ஓர் உதாரணம்: பின் அச்சு 2260 கிலோ. பாதியாகப் பிரித்தால் சக்கரத்துக்கு 1130. ஆனால் உண்மையில் வலது சக்கரம் 1190, இடது 1070. வலது டயருக்குத் தெரிவது 1190 மட்டுமே. காற்றழுத்தத்தை அந்தக் கனமான பக்கத்துக்கு ஏற்ப முடிவு செய்து, இரண்டு பக்கமும் ஒரே அளவு வைக்க வேண்டும்.

வண்டியின் பின்னால் ஸ்கூட்டர் ஏற்றுகிறோம். அதன் எடையை அப்படியே கூட்டினால் போதுமா?

போதாது. பின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் சுமை பின் அச்சைத் தன் எடையைவிட அதிகமாக அழுத்தும், முன் அச்சைத் தூக்கவும் செய்யும். கணக்கு எளிது: சுமையை, இரு அச்சுகளுக்கும் இடையிலுள்ள தூரமும் பின்னால் நீட்டியிருக்கும் தூரமும் சேர்ந்த அளவால் பெருக்கி, அச்சுகளுக்கு இடையிலான தூரத்தால் வகுக்க வேண்டும்.

நீளமான டுகாட்டோவில் அச்சுகளுக்கு இடையே 4035 மி.மீ. 120 கிலோ ஸ்கூட்டரைப் பின் அச்சிலிருந்து 2 மீட்டர் தள்ளி வைத்தால், பின் அச்சில் கூடுவது ஏறக்குறைய 180 கிலோ. முன் அச்சு 60 கிலோ லேசாகிறது. டுகாட்டோ முன்சக்கர இழுவை வண்டி. ஈரப் புல்வெளி முகாமில் முன் டயர் சுழன்றுகொண்டே நின்ற இடத்தில் குழி பறிப்பதற்கு இதுவே பெரிய காரணம். டயரைக் குறை சொல்லிப் பயனில்லை, சுமையை முன்னுக்கு நகர்த்துங்கள்.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்துகளை எப்படிப் படிப்பது?

டுகாட்டோவின் கனரக வகையில் பரவலாக இருக்கும் அளவை எடுத்துக்கொள்வோம்: 225/75 ஆர்16 சிபி 116 க்யூ. அகலம் 225 மி.மீ. பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம். ஆர் என்பது ரேடியல். 16 அங்குல ரிம். சிபி என்பது கேம்பருக்கென்றே செய்த வகை. 116 லோடு இண்டெக்ஸ், அதாவது ஒரு டயர் தாங்கக்கூடிய எடையின் குறியீடு. க்யூ என்பது வேகக் குறி, 160 கி.மீ. ஆர் என்றிருந்தால் 170, என் என்றிருந்தால் 140. (அளவில் வரும் ஆர் வேறு, கடைசியில் வரும் ஆர் வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

லோடு இண்டெக்ஸ் கிலோ அல்ல, அட்டவணை எண். கேம்பருக்கு வேண்டியவை இவை: 107 என்றால் 975 கிலோ, 109 என்றால் 1030, 112 என்றால் 1120, 113 என்றால் 1150, 115 என்றால் 1215, 116 என்றால் 1250, 118 என்றால் 1320, 120 என்றால் 1400, 121 என்றால் 1450. சில டயர்களில் 121/120 என்று இரண்டு எண் இருக்கும். முதலாவது ஒற்றைச் சக்கரமாகப் போடும்போது, இரண்டாவது பின்னால் இரட்டைச் சக்கரமாகப் போடும்போது.

எனக்கு எந்த லோடு இண்டெக்ஸ் வேண்டும்?

பதிவுச் சான்றிதழில் இருக்கும் அனுமதிக்கப்பட்ட அச்சு எடையைப் பாதியாக்குங்கள். அந்த எண்ணைவிடக் குறையாத எடைக்கான இண்டெக்ஸ் வேண்டும். ஜெர்மன் சான்றிதழில் 8.1, 8.2 கட்டங்களில் அச்சு எடைகளும், 15.1, 15.2 கட்டங்களில் டயர் அளவுகளும் உள்ளன. பிரிட்டனில் வண்டியின் தகட்டில் மொத்த எடை, டிரெய்லரோடு எடை, முன் அச்சு, பின் அச்சு என்ற வரிசையில் அச்சிட்டிருக்கும்.

பின் அச்சுக்கு 2000 கிலோ அனுமதி உள்ள லேசான வகையில் பாதி 1000. வழக்கமாக வரும் 215/70 ஆர்15 சிபி 109 டயர் 1030 தாங்கும், சரி. 2400 அனுமதி என்றால் பாதி 1200, ஆகவே குறைந்தது 115. 2500 என்றால் சரியாக 1250, ஆகவே 116. இந்தக் கடைசி நிலையில் இருப்பவர்கள் 118 எடுத்துக்கொள்வதே எங்கள் பரிந்துரை. ஒரு சக்கரத்துக்கு 70 கிலோ மிச்சம் கிடைக்கிறது; இடது வலது சமமின்மையை அது விழுங்கிக்கொள்ளும்.

ஒரு பொறி இருக்கிறது. 225/75 ஆர்16 என்று இணையத்தில் தேடினால் எஸ்யுவி கார்களுக்கான டயரும் வரும். அளவு அதேதான், விலையும் குறைவு. இண்டெக்ஸ் 108, அதாவது 1000 கிலோ. ரிம்மில் அழகாக உட்காரும், ஓடவும் செய்யும், ஆனால் கனரக கேம்பரின் பின் அச்சுக்கு 400 முதல் 500 கிலோ பற்றாக்குறை. ஆர்டர் போடுவதற்கு முன் சி (சரக்கு வேன் டயரின் குறி) அல்லது சிபி எழுத்து இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

சிபி டயர் கட்டாயமா? சாதாரண வேனுக்கான சி டயர் போடக் கூடாதா?

போடலாம், சில வண்டிகளில் அதுதான் மேலானதும்கூட. சிபி என்றால் அதிக எடை தாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 225/75 ஆர்16 அளவில் சிபி டயர் 116 அல்லது 118 இண்டெக்ஸில் வருகிறது. அதே அளவில் சி டயர் 121/120 இண்டெக்ஸில் கிடைக்கிறது. ஒற்றையாக 1450 கிலோ தாங்கும்.

சிபியின் பலம் வேறு இடத்தில். எல்லைக்கு அருகிலான எடையை நிரந்தரமாகச் சுமந்து நிற்பதற்கும், பின் அச்சில் 5.5 பார் காற்றழுத்தத்தில் ஓடுவதற்கும் என்று அதன் உடற்கூடு கட்டப்பட்டிருக்கிறது. எடையை யாரும் பார்க்காமலே போடும் வண்டிகளில் அந்தக் கூடுதல் பாதுகாப்பு உயிர் காக்கும். எடைமேடையில் நிறுத்திப் பார்த்து, கம்பெனி அட்டவணைப்படி காற்று வைப்பவர் உயர்ந்த இண்டெக்ஸ் கொண்ட சி டயரில் நிம்மதியாக ஓடலாம், கொஞ்சம் மென்மையாகவும் ஓடலாம்.

ஜெர்மனியில் சான்றிதழில் சிபி என்று எழுதியிருந்தாலும், அதே அளவில் இண்டெக்ஸும் வேகக் குறியும் போதுமானதாக உள்ள சி டயர் ஏற்கப்படுகிறது. உங்கள் வண்டியில் சந்தேகம் இருந்தால் சோதனை நிலையத்தில் முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: சி டயருக்கு மாறினால், கதவில் சிபிக்காக ஒட்டியிருக்கும் அழுத்தம் செல்லாது. புது டயருக்கான எண்ணை அந்த டயர் கம்பெனியிடமே வாங்க வேண்டும்.

எவ்வளவு காற்று வைப்பது?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இது. எடையைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே இருக்கும் காற்று. லோடு இண்டெக்ஸ் சொல்லும் எடை, அதற்கென்று குறித்த அழுத்தம் இருந்தால் மட்டுமே உண்மை. அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடிந்து நிமிர்கிறது. அந்த மடிப்பில் சூடு பிறக்கிறது. சூட்டில் ரப்பருக்கும் உள்ளிருக்கும் எஃகுக் கம்பிப் பட்டைக்கும் இடையேயான பிடிப்பு தளர்கிறது. கடைசியில் மேற்பட்டை உரிந்து போகிறது, அல்லது டயரே வெடிக்கிறது. இது காற்றைக் குறைத்த அன்றைக்கே நடப்பதில்லை. காயம் உள்ளே சேர்ந்துகொண்டே போய், சரியான காற்று வைத்த பிறகு ஒரு வெயில் நாளில் வெளிப்படும். அதனால்தான் பலர் காரணத்தைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

பின் அச்சில் ஒற்றைச் சக்கரமாகப் போட்ட சிபி டயருக்கு 5.5 பார் என்பது ஐரோப்பிய டயர் தர அமைப்பின் பரிந்துரை. அதைக் குறைக்க வேண்டாம். முன் அச்சு வேறு கதை. டுகாட்டோ கையேடு டயர் அளவைப் பொறுத்து முன்னால் 5.0 அல்லது 5.5 என்கிறது. அது அச்சின் முழு அனுமதி எடைக்கானது. உங்கள் முன் அச்சு எடைமேடையில் 1600 கிலோ மட்டும் காட்டினால் 5.5 பாரில் வண்டி கல் போல் ஓடும், அலமாரிக் கதவுகள் அதிரும், ஈரத்தில் பிரேக் பிடிப்பும் குறையும். எடைச்சீட்டை வைத்துக்கொண்டு டயர் கம்பெனிக்கு எழுதினால், உங்கள் அச்சு எடைக்கான எண்ணைத் தருவார்கள். மிஷ்லின், கான்டினென்டல் போன்ற கம்பெனிகள் இதைச் செய்கின்றன. நண்பர் சொன்ன எண்ணை வைக்காதீர்கள், அவர் வண்டி உங்கள் வண்டி அல்ல.

காற்றைச் சரிபார்ப்பதில் என்ன தவறு நடக்கிறது?

நான்கு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

முதலாவது, சூடான டயரில் பார்ப்பது. ஓடிய டயரில் அழுத்தம் உயர்வது இயல்பு. 5.5 வைத்த டயர் மதிய வெயிலில் 6.2 காட்டினால் பதறிப்போய்க் காற்றை இறக்கக் கூடாது; ராத்திரி ஆறியதும் அது அபாயமான அளவுக்குக் கீழே போயிருக்கும். காலையில், வண்டியை எடுக்கும் முன், வெயில் படாத நிலையில் பாருங்கள்.

இரண்டாவது, வெப்பநிலையை மறப்பது. உயர்ந்த அழுத்தத்தில் அதன் விளைவு காரைவிடப் பெரியது. 5.5 பாரில் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் சுமார் 0.22 பார் மாறும், 2.5 பார் வைக்கும் காரில் இது 0.12தான். 15 டிகிரியில் 5.5 வைத்த டயர், மைனஸ் 5 டிகிரி விடியலில் ஏறத்தாழ 5.05 காட்டும்.

மூன்றாவது, பெட்ரோல் பங்கின் காற்றுக் குழாயை நம்புவது. கார்களுக்கான பல கருவிகள் 4 பாரை ஒட்டி நின்றுவிடும். லாரிகள் நிறுத்தும் பக்கம் போய்க் கேளுங்கள். சிகரெட் லைட்டரில் சொருகும் சிறு கம்ப்ரசர்கள் பெரும்பாலும் 5.5 பார் ஏற்றத் திணறிச் சூடேறி நின்றுவிடும். 10 பார் வரை அளக்கும் நல்ல அளவி ஒன்றை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, ஸ்டெப்னியை மறப்பது. தேவைப்படும் அன்று அதில் 2 பார்தான் இருக்கும்.

வால்வு பற்றி ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறார்கள்?

ரிம்மின் துளையில் இழுத்துச் சொருகும் சாதாரண ரப்பர் வால்வு 4.5 பார் வரைக்குமானது. கேம்பரில் 5.5 பார் வைக்கிறோம். ஆகவே நட்டு வைத்து இறுக்கும் உலோக வால்வு, அல்லது உயர் அழுத்தத்துக்கென்று குறிப்பிட்டுத் தயாரித்த வால்வு வேண்டும். டயர் மாற்றும்போதெல்லாம் வால்வையும் மாற்றச் சொல்லுங்கள். கடைக்காரர் கையில் இருக்கும் கார் வால்வைச் சொருகிவிடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். சில யூரோ மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

வால்வின் தலையில் திருகும் அழுத்த உணரிகள் நல்லவை, ஆனால் உலோக வால்வில் மட்டும். ரப்பர் வால்வில் திருகினால், சக்கரம் சுழலும் வேகத்தில் உணரியின் எடை வால்வை வெளிப்பக்கம் வளைத்து வளைத்து அடியில் வெடிப்பு விழும். உணரி வாங்கும்போது அது குறைந்தது 7 பார் வரை அளக்குமா என்று பாருங்கள். காருக்கென்று விற்பவற்றில் பல அளக்காது.

எங்கள் ரிம் அழகாக இல்லை. அலாய் ரிம் போடலாமா?

போடலாம், ஆனால் ரிம்முக்கும் எடை வரம்பு உண்டு. டயர் 1320 கிலோ தாங்கி, ரிம் 1100 மட்டும் தாங்கினால் உங்கள் வரம்பு 1100. ரிம்மின் உட்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள், சான்றிதழையும் கேளுங்கள்.

டுகாட்டோவில் இன்னொன்று: லேசான வகையில் ஐந்து போல்ட்டுகளும் 118 மி.மீ. வட்டத்தில், கனரக வகையில் 130 மி.மீ. வட்டத்தில். 15 அங்குல வண்டிக்குப் பழைய கனரக வண்டியின் 16 அங்குல ரிம் வாங்கிவந்து மாட்ட முடியாது. மாட்டியவுடன் போல்ட்டுகளைக் கையேடு சொல்லும் விசையில் முறுக்குமானியால் இறுக்கி, 50 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பெரிய டயர் போட்டால் வண்டி உயரும், கரடுமுரடான பாதையில் போகலாம் என்கிறார்களே?

ஸ்ப்ரின்டர் நான்கு சக்கர இழுவை வண்டிகளில் இது வழக்கம். வழக்கமான 235/65 ஆர்16 டயரின் வெளிவிட்டம் 712 மி.மீ. அதற்குப் பதில் போடும் 245/75 ஆர்16 டயருக்கு 774 மி.மீ. வண்டி 31 மி.மீ. உயரும். இண்டெக்ஸ் 120/116 இருப்பதால் எடையும் தாங்கும்.

பாதகம் என்னவென்றால், விட்டம் 8.7 சதவீதம் கூடியிருக்கிறது. உண்மையில் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது, முன்பு சரியாகக் காட்டிய மானி இப்போது 92 காட்டும். ஐரோப்பிய விதிப்படி வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. ஆகவே மானியைத் திருத்த வேண்டும், பதிவுச் சான்றிதழில் ஏற்ற வேண்டும், திருப்பும்போது சக்கர வளைவில் உரசாமல் இருக்க வேண்டும். கியர் விகிதம் நீண்டுவிடுவதால் மலையேற்றத்தில் வண்டி சோர்வாக இழுக்கும், டீசலும் கூடும். மொரோக்கோ, ஐஸ்லாந்து மண்பாதைகளுக்கு நிஜமாகவே போகிறவர்களுக்கு இது தகும். தார்ச்சாலையில் முகாமுக்கு முகாம் போகும் குடும்பத்துக்குத் தேவையே இல்லை. கட்டாந்தரை டயர் ஈரத் தார்ச்சாலையில் சாலை டயரைவிட மோசமாகவே பிரேக் பிடிக்கும்.

குளிர்கால டயர் தனியாக வேண்டுமா?

எங்கே, எப்போது போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜெர்மனியில் தேதி சார்ந்த கட்டாயம் இல்லை. சாலையில் பனி, உறைபனி, பனிச்சேறு இருந்தால் குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டக் கூடாது. 2024 அக்டோபர் 1 முதல், மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் உள்ள சின்னம் இருந்தால்தான் அது குளிர்கால டயர். எம்+எஸ் (சேறு, பனி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற எழுத்து மட்டும் இனிப் போதாது. மீறினால் 60 யூரோ அபராதமும், ஓட்டுநர் பதிவில் ஒரு தண்டனைப் புள்ளியும்.

இது கேம்பர்காரர்களைக் குறிப்பாகப் பாதிக்கிறது. பழைய சிபி டயர்கள் பலவற்றில் எம்+எஸ் மட்டுமே இருந்தது. வருடம் முழுக்கச் செல்லும் என்று நம்பி வாங்கியவர்கள் இப்போது பக்கச்சுவரைக் குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பிரான்சில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் பனித்துகள் சின்னமுள்ள டயரோ, சங்கிலியோ வேண்டும். ஆஸ்திரியாவில் 3.5 டன் வரையுள்ள வண்டிகளுக்கு நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, பனிச் சாலையில். பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் வரிகள்) ஆழம் குறைந்தது 4 மி.மீ. இல்லாத குளிர்கால டயரை அங்கே குளிர்கால டயராகவே கணக்கில் எடுப்பதில்லை. பிரிட்டனில் கட்டாயம் எதுவும் இல்லை.

கோடையில் இத்தாலி, ஸ்பெயின், குளிர்காலத்தில் எப்போதாவது ஒரு பனிச்சாலை என்று ஓடும் குடும்பத்துக்கு, சின்னமுள்ள அனைத்துப் பருவ டயர் போதும். மிஷ்லின் கிராஸ்கிளைமேட் கேம்பிங் போன்றவை சிபி வகையிலேயே அந்தச் சின்னத்தோடு கிடைக்கின்றன. ஆல்ப்ஸ் பனிச்சறுக்கு முகாம்களில் வாரக்கணக்கில் தங்குபவர்களுக்கு அசல் குளிர்கால டயரும், இழுவைச் சக்கரங்களுக்கான சங்கிலியும் வேண்டும். சங்கிலியை வீட்டு வாசலில் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

பட்டன் நிறைய இருக்கிறது. எட்டு வருடம் ஆனாலும் மாற்ற வேண்டுமா?

கேம்பர் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகிறது. வருடத்துக்குச் சில ஆயிரம் கி.மீ. மட்டும் ஓடுவதால் பட்டன் அப்படியே இருக்கும். ரப்பர் உள்ளுக்குள் இறுகிப்போயிருக்கும். ஈரத்தில் பிடிப்புக் குறையும், பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள் ஓடும்.

வயதை டி.ஓ.டி. எழுத்துகளின் கடைசி நான்கு இலக்கம் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். இந்த எண் ஒரு பக்கச்சுவரில் மட்டும் இருக்கலாம், வண்டிக்கு அடியில் புகுந்து பார்க்க வேண்டியிருக்கும். ஆறு வருடத்திலிருந்து ஒவ்வொரு பருவமும் நிபுணரிடம் காட்டுங்கள், எட்டு வருடத்தில் மாற்றத் திட்டமிடுங்கள், பத்தைத் தாண்டி ஒருநாளும் ஓட்டாதீர்கள். பழைய கேம்பர் வாங்குபவர்கள் விலை பேசும் முன் நான்கு டயரின் எண்ணையும் பார்த்துவிட வேண்டும். 'டயர் புதுசு மாதிரி இருக்கிறது' என்பது பட்டனைப் பற்றிய செய்தி மட்டுமே.

சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மி.மீ. கனமான வண்டிக்கு அது மிகக் குறைவு. கோடை டயரை 3 மி.மீ.யிலும், குளிர்கால டயரை 4 மி.மீ.யிலும் மாற்றுங்கள்.

டயர் ஒழுங்கில்லாமல் தேய்கிறது. என்ன காரணம்?

இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மிஞ்சியிருந்தால் காற்று குறைவு. நடு மட்டும் மொட்டையானால் எடைக்கு மேல் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிற்கும் கோணம், தவறியிருக்கிறது. கேம்பரின் அலைன்மென்டைப் பயண எடையோடு பார்க்க வேண்டும். காலி வண்டியில் சரிசெய்தால், சாமான் ஏற்றி ஸ்பிரிங் அமுங்கியதும் கோணம் மாறிவிடும்.

முன்சக்கர இழுவை வண்டியில் முன் டயர் சீக்கிரம் தேயும். இரண்டு மட்டும் மாற்றினால் நல்ல ஜோடியைப் பின்னால் போடுங்கள். ஈரத்தில் முன்பக்கம் நழுவினால் ஓட்டுநருக்கு உடனே தெரியும், வேகத்தைக் குறைப்பார். பின்பக்கம் நழுவினால், அதிலும் ஆறேழு மீட்டர் நீள வண்டியில், திருத்த நேரம் இருக்காது.

பின்னால் இரட்டைச் சக்கரம் இருக்கும் வண்டிகளுக்கு?

ஐவெகோ டெய்லியிலும் கனரக ஸ்ப்ரின்டரிலும் பார்க்கும் அமைப்பு. 195/75 ஆர்16 சி 107/105 டயரில் ஒற்றையாக 975, இரட்டையில் ஒவ்வொன்றும் 925. பின்னால் நான்கும் சேர்ந்து 3700 கிலோ. ஒற்றை இண்டெக்ஸ் மட்டும் குறித்த சிபி டயரை இங்கே போடக் கூடாது.

உள்டயரில் காற்று போனால் வெளியிலிருந்து தெரியாது. வெளிடயர் இரண்டு பேரின் சுமையைத் தூக்கிக்கொண்டு ஓடிச் சூடேறி, அதுவும் போகும். உள்வால்வுக்கு உலோக நீட்சி போட்டு, வெளியிலிருந்தே காற்றைப் பார்க்கும்படி செய்யுங்கள். மண்பாதையில் போய் வந்தால் இரண்டு டயருக்கும் இடையில் கல் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டெப்னி இல்லை, பஞ்சர் திரவம் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். போதுமா?

பட்டன் பகுதியில் ஆணி குத்திய சின்னத் துளைக்குப் போதும். பக்கச்சுவர் கிழிந்தாலோ, காற்றில்லாமல் கொஞ்ச தூரம் ஓடிவிட்டாலோ திரவத்தால் ஒன்றும் ஆகாது. கிராமப்புறத்தில் ஞாயிற்றுக்கிழமை உங்கள் சிபி அளவு கையிருப்பில் உள்ள கடை கிடைப்பது அரிது. தூரப் பயணம் போகிறவர்கள் 30 கிலோவுக்குக் குறையாத அந்த எடையை ஏற்றுக்கொண்டு முழு அளவு ஸ்டெப்னி எடுத்துப் போவது நல்லது.

ஸ்டெப்னியோடு 2 டன்னுக்குக் குறையாத ஜாக்கி, மண்ணில் புதையாமல் இருக்க அதன் அடியில் வைக்கும் பலகை, நீளக் கைப்பிடியுள்ள ஸ்பேனர் எல்லாம் வேண்டும். டுகாட்டோவில் ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் கம்பிவடத்தில் தொங்கும். வடம் துருப்பிடித்து இறுகிவிடும். வருடம் ஒருமுறை இறக்கி, கிரீஸ் தடவி ஏற்றுங்கள்.

குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைக்கும்போது டயரை எப்படிக் காப்பது?

நிறுத்தும் முன் சுமையை இறக்குங்கள், தண்ணீரைக் காலி செய்யுங்கள். டயரில் அனுமதிக்கப்பட்ட உச்சத்தைத் தாண்டாமல் அரை பார் கூடுதலாக வையுங்கள். மாதம் ஒருமுறை கால் சுற்று உருட்டி நிறுத்தினால் ஒரே இடம் தட்டையாகாது. வெயில் படும் பக்கத்து டயர்களுக்கு உறை போடுங்கள். ரப்பரை வெடிக்க வைப்பதில் புற ஊதாக் கதிருக்குப் பெரிய பங்கு உண்டு. எண்ணெய், கிரீஸ் சிந்திய தரை வேண்டாம். கடையில் விற்கும் பளபளப்புத் திரவங்கள் எதையும் பக்கச்சுவரில் பூச வேண்டாம், தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும்.

வசந்தத்தில் வண்டியை எடுக்கும்போது முதல் சில கி.மீ. ஸ்டியரிங் லேசாக அதிரலாம், டயர் சூடானதும் சரியாகிவிடும். 20, 30 கி.மீ. ஓடியும் அதிர்வு நிற்கவில்லை என்றால் நெடுஞ்சாலைக்குப் போகாமல் டயர் கடைக்குப் போங்கள். பேலன்சிங் தவறியிருக்கலாம், உள்ளே பட்டை பிரிந்து வீங்கியும் இருக்கலாம். ஒவ்வொரு டயரையும் தூக்கி, மெதுவாகச் சுற்றிவிட்டு, எங்காவது மேடு தட்டுப்படுகிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வீக்கம் இருந்தால் அந்த டயரில் கடையை விட்டு வெளியே எடுக்கவும் கூடாது.